பெட்டி எழும்பாவிட்டால் பிள்ளையை அடிக்காதீர்கள்

(பரிசளிப்பு விழாவில், தேயிலை ஆலையில் பிட்டராக வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நானும் ஆறாம் ஆண்டு வரை படித்தேன். ஆறு ஆண்டுகளில் ஒரு தடவைகூட இந்த மேடையில் ஏறிப் பரிசு வாங்கியதில்லை. பெஞ்சு தூக்கிப் போட்டிருக்கிறேன், தோரணம் கட்டியிருக்கிறேன். இன்றைக்குத்தான் மேடை ஏறும் பாக்கியம் கிடைத்தது. "கணினியைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள்" என்று தலைமையாசிரியர் கேட்டபோது, "ஐயா, நான் பெக்டரியில் மிஷின் பார்க்கிறவன். கணினி படித்தவன் இல்லையே" என்றேன். "அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறேன். படித்தவர்கள் பேசினால் நம் ஜனங்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்" என்றார். ஆகவே குற்றம் குறை இருந்தால் அவரையும் சேர்த்தே மன்னித்துவிடுங்கள்.

நான் பேச வந்தது சின்ன விஷயம். வீட்டில் ஒரு கணினி இருக்கிறது. நேற்று இரவு வரை நன்றாக ஓடியது. இன்று காலையில் பொத்தானை அமுக்கினால் எழும்பவில்லை. அப்போது நாம் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது? செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதை நானே செய்திருக்கிறேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டன. படிப்பு வீட்டுக்குள் வந்தது. எங்கள் வீட்டில் பழைய மேசைக் கணினி ஒன்று இருந்தது. 350 வெள்ளி கொடுத்து, மூன்று மாதத் தவணையில், இரண்டாம் கையாக வாங்கியது. மகள் ஐந்தாம் படிவம், மகன் ஐந்தாம் ஆண்டு. இரண்டு பேருக்கும் அந்த ஒரே பெட்டி. மகள் தன் பாடக் குறிப்புகளையெல்லாம் அதில்தான் தட்டி வைத்திருந்தாள். அந்த ஆண்டு எழுத வேண்டிய எஸ்.பி.எம். தேர்வு தள்ளிப்போய் 2021 பிப்ரவரிக்கு வந்தது.

2021 ஜனவரி. விடாத மழை. தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. ஒரு நாள் விடியற்காலையில் மகள் பொத்தானை அமுக்கினாள். உள்ளே விசிறி சுற்றுகிறது, முன்னால் விளக்கு எரிகிறது, ஆனால் திரை மட்டும் கருப்பு. மறுபடி அமுக்கினாள். மறுபடியும் கருப்பு. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "கடைசியா யார் தொட்டது?"

முந்தின இரவு மகன் விளையாடிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். அவனைப் பேசவே விடவில்லை. கை நீண்டுவிட்டது. பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை, பிளக்கைத் தொட்டுப் பார்க்கவில்லை, பிள்ளையை அடித்துவிட்டேன். அன்று முழுக்க அவன் பசியாற வரவில்லை. மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கீழே பட்டணத்தில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். பெட்டியைப் பார்க்காமலேயே, "மதர்போர்டு போயிருக்கும் அண்ணே. செலவு பண்றது வீண். புதுசா வாங்கிடுங்க" என்றார் கடைக்காரத் தம்பி. புதிதுக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும். நான் எங்கே போவது?

ஈப்போவில் என் அக்காள் மகன் இருக்கிறான். மின்னியல் படித்தவன். மாநில எல்லையைத் தாண்டக் கூடாது என்று தடை இருந்த காலம் அது. பேராக்கிலிருந்து பகாங்குக்கு அவன் வர முடியாது. போனிலேயே பேசினோம். நடந்ததை என் மனைவி ஏற்கெனவே அவனிடம் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. எடுத்த எடுப்பில் கேட்டான்: "மாமா, பெக்டரியில ரோலிங் மிஷின் நின்னுட்டா முதல்ல யார அடிப்பீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

"யாரையும் அடிக்க மாட்டேன்டா. மெயின் சுவிட்சப் பாப்பேன்."

"அப்புறம்?"

"பியூஸ். அப்புறம் மோட்டார். அப்புறம் பெல்ட்டு."

"அதே வரிசையில இங்கயும் பாருங்க மாமா. இதுவும் மிஷின்தான்."

பெரியோர்களே, நான் இன்று சொல்ல வந்த விஷயம் முழுவதும் அந்தப் பேச்சில் அடங்கியிருக்கிறது. நாம் மிஷினோடு வாழ்கிறவர்கள். 1929-இல் ஜே. ஏ. ரசல் என்பவர் இந்த மலையில் போ தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்திலிருந்து கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தி, சலித்து எடுக்கும் வேலை நமக்குக் கைவந்த வேலை. வாடிய கொழுந்து நமக்காகக் காத்திருக்காது. உருட்டும் மிஷின் நின்றால், கரண்டு எங்கிருந்து வருகிறதோ அங்கே தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவோம். ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கை வைக்க மாட்டோம். அந்தப் பொறுமையை வேலை முடிந்ததும் பெக்டரி வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறோம். அதுதான் தப்பு.

திருவள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தில் வைத்தியனுக்கு ஒரு வரிசை சொல்கிறார். நோய் எது என்று பார்க்க வேண்டும். அது எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். அதைத் தணிக்கும் வழியைப் பார்க்க வேண்டும். பிறகுதான் வைத்தியம். அந்த வரிசை மனித உடம்புக்கு மட்டுமல்ல, இரும்புப் பெட்டிக்கும் பொருந்தும்.

சரி, கணினி எழும்புவது என்றால் என்ன? மூன்று படிகள் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

முதல் படி கரண்டு. சுவரிலிருந்து வருவது 230, 240 வோல்ட். அவ்வளவும் உள்ளே போனால் எல்லாம் கருகிவிடும். பெட்டியின் பின்புறத்தில் கம்பி செருகும் இடத்தில் ஒரு தகரக் கூடு இருக்கிறது. அதுதான் அந்தக் கரண்டை 12, 5, 3.3 வோல்ட் என்று சின்னச் சின்னதாக மாற்றி உள்ளே அனுப்புகிறது.

இரண்டாவது படி சுயபரிசோதனை. பெரிய பலகை ஒன்று உள்ளே இருக்கிறது. மதர்போர்டு என்பது அதுதான். அதில் ஒரு சின்ன சில்லில் ஒரு சின்ன நிரல் நிரந்தரமாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கரண்டு வந்ததும் அது விழித்துக்கொண்டு, நினைவகம் இருக்கிறதா, திரை இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று பெயர் கூப்பிட்டுப் பார்க்கும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பது மாதிரி. ஒரு முக்கியமான ஆள் வரவில்லை என்றால் வேலை தொடங்காது.

மூன்றாவது படி இயங்குதளம். ஆள் கணக்கு சரியாக இருந்தால், வட்டில் இருக்கும் வின்டோஸ் போன்ற பெரிய நிரலைத் தேடி எடுத்து நினைவகத்தில் ஏற்றும். அப்போதுதான் நமக்குப் பழக்கமான படமும் எழுத்தும் வரும்.

ஆகவே பெட்டி எழும்பாவிட்டால் முதல் கேள்வி, "எந்தப் படியில் நின்றுவிட்டது?" என்பதுதான். விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை என்றால் முதல் படி. விசிறி சுற்றுகிறது, ஆனால் திரையில் ஒன்றும் இல்லை என்றால் இரண்டாவது படி. எழுத்து வருகிறது, ஆனால் வின்டோஸ் வரவில்லை என்றால் மூன்றாவது படி. கண்ணால் பாருங்கள், காதால் கேளுங்கள். பார்த்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு யாரிடமாவது உதவி கேட்கும்போது, "ஓடல" என்று மட்டும் சொல்லாமல், எங்கே நிற்கிறது என்று உங்களால் சொல்ல முடியும். கடைக்காரரும் உங்களிடம் சும்மா பேசிவிட்டுப் போக முடியாது.

இப்போது முதல் படி. ஒன்றுமே இல்லை, செத்த பிணம் மாதிரிக் கிடக்கிறது. பயப்படாதீர்கள். சுவர் சுவிட்சில் வேறு ஒரு விளக்கையோ போன் சார்ஜரையோ செருகிப் பாருங்கள். அதுவும் எரியவில்லை என்றால் கணினி மேல் குற்றமில்லை. அது எரிந்தால் அடுத்தது கம்பி. நம் நாட்டு மூன்று முள் பிளக்கின் வயிற்றில் ஒரு குட்டி பியூஸ் இருக்கும். அது போயிருந்தால், சுவர் சுவிட்சை அடைத்து, பிளக்கைக் கழற்றி, அதே அளவுள்ள பியூஸை மாற்றுங்கள். கம்பியைச் சுற்றுவது, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பது போன்ற லயத்து வைத்தியம் வேண்டவே வேண்டாம். லயத்து வீடுகள் தீப்பிடிப்பதற்கு அது ஒரு வழி.

பிறகு பெட்டியின் பின்னால் ஒரு சின்ன சுவிட்சு இருக்கிறதா பாருங்கள். கூட்டும்போது விளக்குமாறு பட்டு அணைந்திருக்கலாம். சில பழைய பெட்டிகளில் 115, 230 என்று எண் போட்ட சிவப்புத் தள்ளு சுவிட்சு இருக்கும். அது 230-இல்தான் இருக்க வேண்டும். 115 பக்கம் தள்ளிவிட்டுப் போட்டால் வெடிச் சத்தம் கேட்கும், அத்துடன் கதை முடிந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிச் சொல்லி வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் எழும்பவில்லையா? சுவர் சுவிட்சை அடைத்து, கம்பியை உருவிவிட்டு, முன் பொத்தானை அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே தேங்கி நிற்கும் கரண்டு வடிந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி செருகிப் போட்டுப் பாருங்கள். மடிக்கணினிக்கும் இதே வைத்தியம்தான். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் அதையும் கழற்றிவிட்டு, பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அடைத்துக்கொண்ட பெட்டிகள் பல இதிலேயே திறந்துகொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. கரண்டை மாற்றித் தரும் அந்தத் தகரக் கூட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். கம்பியை உருவிய பிறகும் அதற்குள் ஆளைக் கொல்லும் அளவு கரண்டு தேங்கி நிற்கும். அது கெட்டால் முழுசாகக் கழற்றிப் புதிது போட வேண்டியதுதான்.

இரண்டாவது படிக்கு வருவோம். எங்கள் வீட்டுப் பெட்டி நின்றது இந்தப் படியில்தான். விசிறி சுற்றுகிறது, திரை கருப்பு. முதலில் திரையைச் சந்தேகப்படுங்கள். திரைக்கும் தனிப் பொத்தான் உண்டு, தனிக் கம்பி உண்டு. கம்பியின் இரண்டு முனைகளையும் கழற்றி இறுக்கிச் செருகுங்கள். பிறகு விசைப்பலகையில் 'கேப்ஸ் லாக்' விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது, திரையிலோ கம்பியிலோதான் கோளாறு. விளக்கு அசையவில்லை என்றால் சுயபரிசோதனையே நடக்கவில்லை. சில பெட்டிகள் 'பீப், பீப்' என்று கத்திக் காட்டும். எத்தனை தடவை கத்துகிறது, நீளமா குட்டையா என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அது அதனுடைய பாஷை. ஒவ்வொரு கம்பெனிக்கும் அந்தக் கணக்கு வேறு வேறாக இருக்கும்.

மருமகன் போனில் சொல்லச் சொல்ல நான் செய்தேன். கரண்டைக் கழற்றினேன். பக்கவாட்டுத் தகட்டின் திருகாணிகளை எடுத்தேன். டார்ச் லைட் பிடிக்க ஆள் வேண்டும். மகள் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள், மனைவி காட்டில் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். மூலையில் உட்கார்ந்திருந்தவனைக் கூப்பிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் வந்து லைட்டைப் பிடித்தான்.

"உள்ள தொடறதுக்கு முன்னால பெட்டியோட தகரத்தத் தொடுங்க மாமா. உடம்புல இருக்கற நிலைமின்சாரம் போயிடும்" என்றான் மருமகன். தொட்டேன். "பலகையில நீளமா, விரல் அகலத்துக்கு ஒரு அட்டை செருகியிருக்கும். ரெண்டு முனையிலயும் கொக்கி இருக்கும். அதுதான் ரேம், நினைவகம். கொக்கியத் தள்ளி, அட்டைய நேரா மேல உருவுங்க." உருவினேன். அடிப்பக்கத்தில் வரிசையாகத் தங்க நிறத்தில் பற்கள். ஆனால் தங்கம் தெரியவில்லை. மங்கலாக, பனி படிந்த ஜன்னல் மாதிரி இருந்தது.

"ரப்பர் இருக்கா மாமா? பென்சில் அழிக்கற ரப்பர்?"

என்னிடம் ஏது ரப்பர்? மகன் தன் பள்ளிப் பையைத் திறந்து தன் வெள்ளை ரப்பரை எடுத்து நீட்டினான். அந்தப் பற்களை இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்தேன். அழுக்கு கருப்பாக வந்தது. சுத்தமான பிரஷ்ஷால் தூளைத் தட்டிவிட்டு, விரல் படாமல் அட்டையைப் பிடித்து, பழைய இடத்தில் வைத்து, கொக்கி 'டக்' என்று பூட்டும் வரை அழுத்தினேன். கம்பியைச் செருகினோம். பொத்தானை மகனையே அமுக்கச் சொன்னேன்.

திரையில் வெளிச்சம் வந்தது.

மகள் துள்ளிக் குதித்தாள். மகன் குதிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "நான் கெடுக்கல இல்லப்பா?"

அதற்கு என்ன பதில் சொல்வது? கெடுத்தது அவன் இல்லை. தானா ராத்தா பட்டணமே கடல் மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மேகமே வீட்டுக்குள் வரும் ஊர். அந்த ஊரில் ஜன்னலோரமாக, தண்ணீர் சுட வைக்கும் கெத்தலுக்குப் பக்கத்தில், அந்தப் பெட்டியைத் தூக்கி வைத்தவன் நான். பனியும் ஆவியும் சேர்ந்து அந்தப் பற்களை மங்க வைத்திருந்தன. குற்றவாளி யார் என்று கேட்டால், என்னைத்தான் காட்ட வேண்டும். "இல்லடா, அப்பாதான் கெடுத்தேன்" என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, அடித்த அடியைத் திருப்பி எடுக்க முடியவில்லை. அட்டைப் பற்களை ரப்பரால் தேய்த்துவிடலாம். பிள்ளை மனதில் பதிந்ததை எதைக் கொண்டு தேய்ப்பது?

இந்த இரண்டாவது படியில் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பலகையில் ஐம்பது காசு நாணயம் மாதிரி வட்டமான பேட்டரி ஒன்று இருக்கும். சி.ஆர். 2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், மூன்று வோல்ட். கணினி அணைந்திருக்கும்போதும் தேதியையும் நேரத்தையும் காப்பாற்றுவது அதன் வேலை. சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும். அப்போது கணினி ஒவ்வொரு தடவையும் பழைய ஆண்டுக்குப் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் இணையப் பக்கங்கள் 'பாதுகாப்பு இல்லை' என்று சொல்லித் திறக்க மறுக்கும். பிள்ளை, "பாடம் தெறக்க மாட்டேங்குது" என்று சொன்னால் பொய் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். சில வெள்ளியில் அந்தப் பேட்டரி கடையில் கிடைக்கும்.

மூன்றாவது படி. எழுத்து வருகிறது, ஆனால் 'பூட் டிவைஸ் இல்லை' என்கிற மாதிரி ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது. முதலில் பென்டிரைவ் ஏதாவது செருகியிருந்தால் உருவுங்கள். அதில் வின்டோஸைத் தேடிக்கொண்டு பெட்டி நின்றிருக்கலாம். அடுத்து, உள்ளே வட்டுக்குப் போகும் மெல்லிய கம்பியை இரண்டு முனையிலும் இறுக்குங்கள். வின்டோஸ் இரண்டு மூன்று தடவை எழும்ப முயன்று தோற்றால் தானாகவே ஒரு பழுதுபார்ப்புத் திரையைக் காட்டும். அதில் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ரீசெட்' என்ற இடத்துக்குப் போனால் மட்டும் நின்று நிதானமாகப் படியுங்கள். கோப்புகளை வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் அழிப்பதா என்று கேட்கும். அவசரத்தில் தப்பான இடத்தில் தட்டினால், பிள்ளை ஒரு வருடம் எழுதியதெல்லாம் போய்விடும்.

பழைய சுழலும் வட்டிலிருந்து 'டிக், டிக்' என்று விடாமல் சத்தம் வந்தால், உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளே கீறல் அதிகமாகும். வட்டில் முக்கியமானது ஏதாவது இருந்தால் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இங்கே பெற்றோர்கள் ஒன்றை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டி வேறு, அதற்குள் இருக்கும் பிள்ளையின் எழுத்து வேறு. மதர்போர்டே போனாலும் வட்டு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி எழுத்தை எடுத்துவிடலாம். "பெட்டி செத்துப்போச்சு, தூக்கி எறி" என்று யார் சொன்னாலும், வட்டை உங்கள் கையில் வாங்கி வையுங்கள். அதைவிட நல்ல வழி, பெட்டி நன்றாக இருக்கும்போதே வாரத்துக்கு ஒரு தடவை பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைப்பது. கல்வி அமைச்சின் டெலிமா கணக்கு இருக்கும் பிள்ளைகள் அதிலும் ஒரு பிரதி போட்டு வைக்கலாம். நெல்லை ஒரே குதிரில் கொட்டி வைக்காதே என்று என் பாட்டி சொல்லும். மலையில் நெல்லும் இல்லை, குதிரும் இல்லை. ஆனாலும் பாட்டி சொன்னது சரிதான்.

இனி, எழும்பாமல் போகாதபடி காப்பாற்றும் வழிகள். நம் மலைக்கு மூன்று பகைவர்கள் உண்டு: பனி, மின்னல், பூச்சி.

பனிக்கு மருந்து இடம் மாற்றுவது. ஜன்னலையும் அடுப்பையும் விட்டுத் தள்ளி, தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். வேலை முடிந்து பெட்டி ஆறிய பிறகு துணி போட்டு மூடுங்கள். ஓடும்போது மூடக் கூடாது, மூச்சு முட்டிவிடும். மாதக் கணக்கில் போடாமல் வைக்காதீர்கள். அடிக்கடி ஓடினால் உள்ளே உண்டாகும் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். தண்ணீர் பட்டுவிட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சுட வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் நன்றாகக் காயும் வரை விட்டுவிடுங்கள். அது வரை பொத்தானைத் தொடாதீர்கள்.

மின்னலுக்கு மருந்து பிளக்கை உருவுவது. உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. சுவிட்சை அடைத்தால் மட்டும் போதாது, பிளக்கை உருவ வேண்டும். இணையக் கம்பி வழியாகவும் மின்னல் வரும், அதையும் உருவுங்கள். மழை மேகம் கூடும்போதே செய்யுங்கள். தலைக்கு மேல் இடிக்கும்போது போய்க் கம்பியைத் தொடாதீர்கள். பெட்டி போனால் வேறு வாங்கலாம்.

மூன்றாவது பூச்சி. இதற்கு ஒரு சரித்திரமே உண்டு, பிள்ளைகளே. கணினியில் கோளாறு வந்தால் அதைப் 'பக்' என்பார்கள். ஆங்கிலத்தில் பூச்சி என்று அர்த்தம். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்ற பெரிய கணினி தகராறு செய்தது. திறந்து தேடினார்கள். ஒரு விட்டில்பூச்சி உள்ளே மாட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டி, 'பக்' உண்மையாகவே அகப்பட்ட முதல் சம்பவம் என்று எழுதி வைத்தார்கள். அந்தச் சொல் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது, அதனால்தான் அது அவர்களுக்கு வேடிக்கையாகப் பட்டது. அந்தக் குறிப்பேடு பூச்சியோடு வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. அங்கே ஒரு பூச்சிக்கே இத்தனை மரியாதை. நம் மலையில் விளக்கைப் போட்டால் எத்தனை விட்டில் வந்து விழுகிறது! கூடவே பல்லி, எறும்பு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கரண்டைக் கழற்றிவிட்டு, தகட்டைத் திறந்து, மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள்.

அந்த ஹார்வர்டு மனிதர்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பெரிய மிஷின் நின்றுவிட்டது. யார் தொட்டது என்று கேட்டுச் சண்டை போட்டிருந்தால் பூச்சி அகப்பட்டிருக்காது. திறந்து பார்த்தார்கள், அகப்பட்டது.

மாணவச் செல்வங்களே, இப்போது உங்களுக்கு ஒரு வார்த்தை. கணினி எழும்புவதை ஆங்கிலத்தில் 'பூட்' ஆவது என்கிறோம். காலில் போடும் பூட்சின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற பேச்சிலிருந்து வந்த சொல் அது. ஆனால் உண்மையில் எந்தக் கணினியும் தானாக எழும்புவதில்லை. அந்தச் சின்ன சில்லில் யாரோ ஒருவர் முதல் பாடத்தை எழுதி வைத்திருக்கிறார். அது இருப்பதால்தான் மற்றதெல்லாம் எழும்புகிறது. நமக்கு அந்த முதல் பாடம் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆனா ஆவன்னாவாகக் கிடைத்தது.

அந்த ஆனா ஆவன்னா கணினித் திரையிலும் தெரிவதற்கு உழைத்தவர்களில் நம் நாட்டுத் தமிழர் ஒருவரும் உண்டு. முத்து நெடுமாறன் அவர்கள் 1980-களின் நடுவிலேயே 'முரசு' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். நம் வீட்டுப் பிள்ளைகளும் பெட்டியைத் திறந்து பார்க்கப் பழக வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அதனால்தான். தொட்டால் அடிப்பார்கள் என்று பயந்த பிள்ளை எதையும் திறந்து பார்க்காது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, கரண்டைக் கழற்றிவிட்டு, தைரியமாகத் திறங்கள்.

பெற்றோர்களே, என் மகள் அந்தத் தேர்வை எழுதினாள். அந்தப் பெட்டி அதற்குப் பிறகும் இரண்டு தடவை மக்கர் பண்ணியது. ஒவ்வொரு தடவையும் மகன்தான் திறந்தான், நான் டார்ச் லைட் பிடித்தேன். இந்தக் கதையை மேடையில் சொல்லட்டுமா என்று அவனிடம் கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சொல்லுங்கப்பா. ஆனா அடிச்சதையும் சேத்துச் சொல்லுங்க" என்றான். சொல்லிவிட்டேன்.

நாளைக் காலையில் உங்கள் வீட்டுப் பெட்டி எழும்பாவிட்டால், பிள்ளையைப் பார்த்துக் கை ஓங்காதீர்கள். சுவர் சுவிட்சைப் பாருங்கள். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, கையில் ஒரு டார்ச் லைட்டைக் கொடுங்கள்.

பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். பெஞ்சு தூக்கப் போகும் பிள்ளைகளுக்கு என் தனிப்பட்ட வாழ்த்துகள்.